நெட் நிலைக்காத வீடு

அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது ஒரு தை மாதக் காலையில். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி என்று அந்தச் சாலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கால் ஓரளவு திரும்பியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போய் வந்தார். பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், அதற்கான வார்த்தை வாய்க்கு வந்து சேராது என்று டாக்டர் விளக்கினார். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார். எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, “பார்ப்போம்” என்றார்.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அக்காவைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தானுக்கு உப்பளத்தில் வேலை. அக்காவின் மாமியாரும் படுக்கையில் இருந்தார். அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவாள். நான் சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகள் பள்ளியில் கடைசி வகுப்பு என்பதால் அவளும் மனைவியும் அங்கேயே இருக்க, நான் மட்டும் ஊருக்கு வருவதென்று முடிவானது. மேலாளர் நல்ல மனிதர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஊர்ல நெட் இருக்கா?”

“போட்டுடலாம் சார்” என்றேன். சொல்லும்போது அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளொதுங்கிக் கிடப்பது. செல்போனில் பேச வேண்டுமானால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கேயும் பேச்சு வரும், படம் வராது. ஃபைபர் இணைப்புக்குச் சொல்லிவைத்தேன். பங்குனி வெயிலில் இரண்டு பேர் பைக்கில் ஒயர்ச் சுருளோடு வந்தார்கள். தெருக் கம்பத்திலிருந்து எங்கள் வேப்பமரத்தின் மேலாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அலுவலகத்திலிருந்து போன் வர, மாடிக்கு ஏறிவிட்டேன். இறங்கி வரும்போது வேலை முடிந்திருந்தது. அப்பா படுத்திருக்கும் நடு அறையில், பீரோவுக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. அப்பா தலையணையில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெட் வந்துட்டுப்பா” என்றேன்.

இடது கையைத் தூக்கி அசைத்தார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, இட்லியைப் பிசைந்து ஊட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம் வரை வேலை ஓடும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பேச்சுப் பயிற்சி. மதுரையிலிருந்து ஒரு பெண் வீடியோவில் வருவார். மிகவும் பொறுமைசாலி. ஒரு படத்தைக் காட்டி, “அப்பா, இது என்ன?” என்பார். அப்பா முழிப்பார். உடனே அந்தப் பெண் முதல் எழுத்துக்கு வாயைக் குவித்தோ திறந்தோ காட்டுவார். தண்ணீர் என்றால் “த...” என்று நாக்கைப் பல்லில் வைத்துக்காட்டி நிறுத்துவார். அப்பா அந்த வாயையே பார்த்துத் தன் வாயை அதைப்போல வைப்பார். மீதி வார்த்தை சில நாள் பாதியாக வரும். பெரும்பாலும் வராது. “பரவாயில்லப்பா, நல்லா முயற்சி பண்றீங்க” என்பார் அவர். அப்பா என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

ஆவணியில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. நல்ல மழை. உழுது போட்டிருந்தவர்களுக்குச் சந்தோஷம். மறுநாள் பயிற்சியின் நடுவே படம் நின்றுவிட்டது. ‘ப’ சொல்வதற்காக உதட்டை மூடிய நிலையில் அந்தப் பெண்ணின் முகம் அப்படியே உறைந்து நின்றது. அது நின்றுபோன படம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அவரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, அப்படியே காத்திருந்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

“போச்சு” என்றேன்.

பிறகு அந்த வார்த்தை எனக்கு மூச்சு விடுவதைப்போல ஆகிவிட்டது.

வாடிக்கையாளர் சேவைக்கு மாடியில் நின்று போன் செய்தேன். “மோடத்தை ஆஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து ஆன் பண்ணுங்க சார்” என்றார்கள். இறங்கி வந்து செய்தேன். பிறகு மேலே போய், சரியாகவில்லை என்று சொன்னேன். இன்னொரு குரல் எடுத்து முதலிலிருந்து கேட்டது. திரும்பவும் ஆஃப், திரும்பவும் ஆன். மூன்றாம் நாள் தானாகவே பச்சை விளக்கு வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தியும் வந்தது. யார் வந்து எதைத் தீர்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

புரட்டாசி காய்ந்தது. நெட்டும் ஓடியது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் பழைய கதை. ஒரு நாள் காலையில் இருக்கும், மத்தியானம் போய்விடும். ஒரு நாள் முழுக்க மினுக்கும். வேலையில் பாதிக் கோப்பு ஏறும்போது அறுந்துபோகும். கூட்டத்தில் நான் பேசிக்கொண்டே இருப்பேன், எதிரே யாரும் இல்லை என்பது வெகு நேரம் கழித்துத்தான் தெரியும். நானாகச் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தேன். கோவில்பட்டி போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தேன். வைஃபைதான் கோளாறோ என்று நீளமான கேபிளை நேரடியாகச் சொருகினேன். இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி வேறு பிளக்கில் மாட்டினேன். பெட்டி சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் சரியாவதுபோல இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆளைக் கொல்வது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசு ஒரு தடவை எழும்பும், பிறகு விழும்.

கடைசியில் நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். பங்குனியில் வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டார்களாம். இவர் வந்தபோது செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கரிசல் சேறு சக்கரத்தில் அப்பி பைக் நகராமல், ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

“மழை பேஞ்சாத்தாம் கட்டாகுதா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“அப்படித்தாந் தெரியுது. ஆனா மழை விட்ட பொறவும் ரெண்டு மூணு நாளைக்கு இருக்க மாட்டேங்குது.”

“அப்பம் கம்பத்துப் பெட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்கும்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்தார். ஈரம் இருந்தது. துடைத்து, புதுப் பெட்டி மாட்டி, டேப் சுற்றினார். அன்று மழை இல்லை. நெட் அறுபடாமல் ஓடியது. கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மழைக்கு விளக்கு மறுபடியும் சிவந்தது.

இரண்டாம் முறை வந்தபோது கையளவு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, கம்பத்திலும் வீட்டுக்குள்ளும் சோதித்தார். ஒயருக்குள் வருகிற வெளிச்சத்தை அளக்கும் கருவி அது.

“கம்பத்துல லைட் நல்லா வருது அண்ணாச்சி. இங்கன வாரதுக்குள்ள கொறஞ்சிருது. நடுவுல எங்கனயோ ஒயரு அமுங்குது.”

இருவரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். மழையில் தழைத்த வேப்பங்கிளை ஒன்று ஒயரின்மேல் சாய்ந்திருந்தது. அதுதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கிளையை வெட்டினோம். அந்த வாரம் வெயில் அடித்தது. நெட் ஓடியது. மனைவியிடம் சரியாகிவிட்டது என்றுகூடச் சொன்னேன். அடுத்த மழையில் வெட்டின கிளைக்காக வருத்தப்பட்டதுதான் மிச்சம்.

இதற்கிடையில் அப்பா ஒரு பக்கம் கை நீட்டிக் காட்டத் தொடங்கியிருந்தார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து இடது கையை நீட்டுவார். முதலில் காலண்டரில் தேதி கிழிக்கவில்லை என்கிறார் என நினைத்துக் கிழித்தேன். கையை இறக்கவில்லை. அம்மா படத்துக்குப் பூ வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டி, மறுபடியும் நீட்டுவார். அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருப்பார்கள், பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். “இருங்கப்பா, இத முடிச்சிட்டு வாரேன்” என்று மாடிக்குப் போவேன். திரும்பி வரும்போது கை மடியில் கிடக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா இருந்தபோதும் காட்டினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் விரல் போகும் திசையை உற்றுப் பார்த்தாள்.

“ஏலே, அவிய பீரோவத்தாம் காட்டுதாவ. உள்ள என்னமோ வேணும்போல.”

பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். வேட்டி, துண்டு, அம்மாவின் சேலை, அடியில் மடித்துக் கிடந்த காக்கிச் சட்டை. “இதாப்பா? இந்தச் சட்டையா?” அப்பா கட்டில் சட்டத்தை இடது கையால் ஓங்கித் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா, வேறெதனாலா, தெரியவில்லை. அக்கா காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் துணிகளைத் திரும்ப அடுக்கினேன்.

அதற்கடுத்த பயிற்சியின்போது மதுரைப் பெண் சாவிப் படத்தைக் காட்டினார். “சா...” என்று திறந்த வாயோடு உறைந்தார். அப்பா வாயைத் திறந்து காத்திருந்தார். நான் எழுந்து பெட்டிப் பக்கம் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“போச்சு.”

அட்சரம் பிசகவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடி எச்சில் விழுங்கிவிட்டு, இன்னொரு தடவை, “போச்சு” என்றார். யாரும் வாயைக் குவித்துக் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஆமாப்பா, போச்சு” என்றேன். மாடிக்கு ஓடி மதுரைக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பெண் அப்படி மகிழ்ந்தார். “தினமும் காதுல விழுற வார்த்தை சார், அதான் முதல்ல வந்திருக்கு. நல்ல அறிகுறி” என்றார். நான் தினமும் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு நல்ல வார்த்தை ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

கார்த்திகை தொடங்கிய சமயத்தில் நடு அறையில் கூரை ஒழுகியது. பீரோவின் மேல் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அன்று அக்கா இருந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் விரிசல் விடாத சுவர் கிடையாது. கோடையில் மண் சுருங்கிப் பிளக்கும்போது வீடும் பிளக்கும். மழையில் மண் ஊதும்போது சுவரும் மூடிக்கொள்ளும். அப்பா வருஷா வருஷம் சிமெண்ட் பூசுவார், அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் விடும். நான் புதிதாகப் பார்த்தது ஒயரை. துளை போடும் சிரமம் எதற்கென்று, பங்குனியில் வந்தவர்கள் அதை அந்த விரிசலுக்குள்ளேயே விட்டு உள்ளே இழுத்திருந்தார்கள். அப்போது விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்திருக்கும். இப்போது சுவர் மூடி, ஒயரைக் கவ்விப் பிடித்திருந்தது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“அக்கா” என்றேன்.

“என்னலே?”

“இதாங்க்கா. இம்புட்டு நாளும் இதாம்.”

அவள் ஒயரைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அப்பா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெக்னீஷியன் மறுநாள் வந்தார். சுவருக்கு வெளியே ஒயரை வெட்டி மீட்டரை வைத்தார், வெளிச்சம் முழுசாக வந்தது. “அட” என்று சொல்லி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். “நானும் எத்தன தடவ வந்தேன். பீரோவ நகத்திப் பாக்கணும்னு தோணலியே அண்ணாச்சி.” எனக்குந்தான் தோன்றவில்லை. விரிசலைவிட்டுத் தள்ளி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துளை போட்டு, ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதற்குள்ளே தொளதொளவென்று புது ஒயரை விட்டார். எல்லாம் முடிந்து பச்சை விளக்கு வந்ததும் அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“இதத்தாம் காட்டினீங்களாப்பா? அந்தாளுவ விரிசலுக்குள்ள ஒயர விட்டத அன்னைக்கே பாத்துட்டீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. “போச்சு” என்றார். ஆமாம் என்பதற்கும் அப்போது அவரிடம் அதுதான் இருந்தது, இல்லை என்பதற்கும் அதுதான். அக்கா, அதைத்தான் காட்டினார் என்று அடித்துச் சொல்வாள். இருக்கலாம். பீரோவின் மேல் ஓடிய பல்லியைக் காட்டியிருந்தாலும் அப்படித்தான் காட்டியிருப்பார். எனக்கு எது உண்மை என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு எத்தனை மழை பெய்தும் நெட் அறுந்ததில்லை. அலுவலகத்தில் மட்டும், அதற்குள் என்னிடமிருந்த முக்கிய வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சில்லறை வேலைகளைக் கொடுத்தார்கள். மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பயிற்சிகள் தடங்கலில்லாமல் நடந்தன. எனக்கு வேறுவிதமான களைப்பு அங்கேதான் தொடங்கியது. அதுவரை ஒரு வார்த்தை வராதபோதெல்லாம் பெட்டியைத் திட்ட முடிந்தது. நெட் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்நேரம் பேசியிருப்பார் என்று அக்காவிடம் சொல்ல முடிந்தது. நானே அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். இப்போது திரை தெளிவாக இருந்தது. அந்தப் பெண் “த...” என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் கடிகார முள் நகர்வதுகூடத் தெரிந்தது. அப்பா நாக்கைப் பல்லில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வார்த்தை வரவில்லை. அறுந்துபோன இடம் எங்கே என்று அளந்து பார்க்க, அந்த மீட்டர் போல இதற்கு ஒன்றும் கிடையாது.

“மெதுவாத்தான் சார் வரும். நிறைய எதிர்பார்க்காதீங்க. ஆனா விட்டுடாதீங்க” என்று அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் குரலிலும் களைப்பு இருந்தது. எத்தனை வீடுகளுக்கு இதையே சொல்கிறாரோ.

மாசி வாக்கில் அப்பாவுக்குச் சில வார்த்தைகள் சேர்ந்திருந்தன. அக்கா வந்தால் “வா” என்பார். போதும் என்றால் “போது” என்று நிறுத்திக்கொள்வார். சில வார்த்தைகள் இடம் மாறி வரும். ஜன்னலைக் காட்டி ‘கதவு’ என்பார். அப்படி வரும்போது சரியான வார்த்தையைச் சொல்லிக்காட்டி, அவரையும் ஒரு முறை சொல்லவைக்க வேண்டும் என்பது பயிற்சியின் விதி.

ஒரு சாயங்காலம், மழை இல்லாத நாள்தான், லேப்டாப்பை மூடிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்து, யோசித்து, “டீ” என்றார். எங்கள் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை. அப்பா வண்டி ஓட்டிய காலத்திலும் கடைகளில் காபிதான் கேட்டு வாங்குவார் என்று அக்கா சொல்வாள். ‘கா’ என்று வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும் நான். எனக்கு அன்று அலுப்பாக இருந்தது.

“சரிப்பா” என்று எழுந்து போய்க் காபி போட்டேன். ஆற்றிக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, தலையாட்டினார்.